மேசைக்கு அடியில்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணியாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் மாமாக் கடைக்குச் சாப்பிடப் போவோம். கொஞ்ச நாளாக எதிரில் உட்காரும் ஒருவருடைய கால் என் காலில் படுகிறது. பட்டால் எடுப்பதும் இல்லை. முகத்தைப் பார்த்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் அவரைப் பிடிக்கும். இது தற்செயலா, வேண்டுமென்றா? பதிலுக்கு நானும் காலை நீட்டலாமா?

பெயர் போட வேண்டாம்.

*

பெயர் போட வேண்டாம் என்ற தங்கைக்கு,

முதலில் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். மாமாக் கடைப் பூனையாக இருந்தால் என் பதில் முழுக்க வீண்.

பூனை இல்லையா? சரி, அவர் கையைக் கவனியுங்கள். நம் ஆட்களுக்குக் கால் தெரியாமல் யார்மேலாவது பட்டுவிட்டால், கை தானாகப் போய் அவர்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம்கூட அப்படித்தான். இவர் கை ரொட்டியை விட்டு அசையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன தற்செயல்?

இந்த விளையாட்டின் சுகமே, யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம் என்பதில்தான். தோட்டத்துப் பட்டணத்தில் அது பெரிய வசதி. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால், தெருக்கோடிக்குப் போகுமுன் அம்மாவுக்குச் சேதி போய்விடும். ஊரே பார்க்க ஓர் ஆண் ஒரு பெண்ணின் காலைப் பிடிப்பது, அம்மியில் தூக்கிவைத்து மெட்டி போடும்போது மட்டும்தான். உங்கள் ஆள் கொஞ்சம் அவசரப்படுகிறார்.

கால் பட்டால் ஏன் இவ்வளவு கிளுகிளுப்பு? மூளையின் தொடுவுணர்வுப் பகுதியில் பாதமும் பாலுறுப்பும் லயத்து வீடுகள் மாதிரி அடுத்தடுத்து இருப்பதால்தான் என்றார் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன். பிறகு வந்த ஆய்வாளர்கள் சிலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் ராமச்சந்திரன் கட்சி.

உங்களுக்குப் பிடித்திருப்பதால்தான் இப்படிச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். பிடிக்காத காலாக இருந்தால், அதுவும் மேலதிகாரியின் காலாக இருந்தால், கதையே வேறு. பாலியல் தொல்லைக்கு எதிராக 2022-இல் நம் மலேசியாவில் தனிச் சட்டமே வந்துவிட்டது.

காலை நீட்டலாமா? நீட்டுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, லேசாக, ஒரே ஒரு தடவை. அவர் ரொட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், ராத்திரியே வாட்சாப்பில் ‘ஞாயிற்றுக்கிழமை பசியாற வர்றீங்களா?’ என்று கேட்டுவிடுங்கள். ஈப்போவில். சுங்கை சிப்புட்டில் வேண்டாம்.