அழகான வண்டிக்குத் தவணை 36 ரூபாய் குறைவா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. எம்.சி. ரோட்டில் சின்னதாக நைட்டி, சுடிதார் கடை வைத்திருக்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள அம்மா. முதல் கார் வாங்கப் போகிறோம். உயரமான பெட்டி மாதிரி வண்டி ஆன்ரோடு, அதாவது வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து, 6,90,000 ரூபாய். இன்னொன்று சிவப்பு உடம்பு, கருப்புக் கூரை, அலாய் வீல், பின்பக்கம் சரிந்த வடிவம், 8,30,000. மனசு சிவப்பு வண்டியிலேயே நிற்கிறது. சேமிப்பு 3 லட்சம். அதில் 1 லட்சம் தீபாவளிச் சரக்குக்கு வேண்டும். மாதம் பத்தாயிரம் கட்ட முடியும். வாரம் இரண்டு முறை சரக்கு மூட்டை ஏற்ற வேண்டும். பெட்டி வண்டிக்கு ஐந்து வருஷம், சிவப்பு வண்டிக்கு ஏழு வருஷம் என்று கடன் போட்டால் இரண்டுக்கும் ஒரே தவணைதான் என்கிறார்கள் ஷோரூமில். எந்த வண்டியை எடுக்கலாம் ஐயா?

பதில்: ஷோரூமில் சொன்னது பொய் இல்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 லட்சம் முன்பணம் போட்டால் பெட்டி வண்டிக்கு 4,90,000 கடன். ஐந்து வருஷத்துக்கு மாதம் 10,172 ரூபாய். சிவப்பு வண்டிக்கு 6,30,000 கடன். ஏழு வருஷத்துக்கு மாதம் 10,136. ஆமாம், 36 ரூபாய் குறைவுதான். ஆனால் முதல் வண்டிக்கு மொத்தம் கட்டுவது 6,10,320. இரண்டாவதற்கு 8,51,424. விலையில் 1,40,000 வித்தியாசம், கட்டி முடிக்கும்போது 2,41,000 ஆகிவிடுகிறது. பெட்டி வண்டிக் கடன் தீரும் நாளில் சிவப்பு வண்டி மேல் இன்னும் 2,21,000 ரூபாய்க்கு மேல் அசல் பாக்கி நிற்கும்.

அந்த 1,40,000-இலும் எல்லாமே வண்டிக்குப் போவதில்லை. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். கம்பெனியிலிருந்தே வரும் இரட்டை வண்ணம், அலாய் என்று விலையில் ஏறும் ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் 1,300 ரூபாய் வரியாகப் போகும். எஞ்சின் அளவையும் கேளுங்கள். புது வண்டிக்குக் கட்டாயமான மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு, 2022-ல் அறிவித்த கட்டணப்படி, 1000 சிசி வரை 6,521 ரூபாய், அதற்கு மேல் 1500 சிசி வரை 10,640. ஜிஎஸ்டி தனி.

இப்போது வடிவத்துக்கு வருவோம். மாடல் பெயரை நீங்கள் எழுதவில்லை. அளவு புரிய, பெட்டி வடிவத்துக்கு மாருதி வேகன்ஆரையும் சரிந்த வடிவத்துக்கு மாருதி ஸ்விஃப்டையும் எடுத்துக்கொள்கிறேன். வேகன்ஆர் உயரம் 1,675 மி.மீ.; ஸ்விஃப்ட் 1,520. பதினைந்தரை சென்டிமீட்டர் அளவுள்ள இந்த வித்தியாசம்தான் உங்கள் அம்மாவின் முழங்காலுக்குத் தெரியும். இருக்கை தாழ்ந்திருந்தால் உட்காரும்போது கடைசி நொடியில் தொப்பென்று விழ வேண்டும். எழும்போது கதவைப் பிடித்துத் தொங்க வேண்டும். நின்ற இடத்திலேயே இடுப்பை நகர்த்தி உட்கார முடிந்தால் அதுதான் அவருக்கான உயரம். கதவுப் பிடியையும் பாருங்கள். 2018 ஸ்விஃப்டில் பின்கதவுப் பிடியை அழகுக்காக மேலே ஜன்னல் ஓரத்தில் ஒளித்து வைத்தார்கள்; 2024 மாடலில் மறுபடியும் கதவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பழைய வண்டி பார்ப்பதாக இருந்தால் உங்கள் சின்னப் பிள்ளையின் கை அதற்கு எட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டிக்கி வேகன்ஆரில் 341 லிட்டர், ஸ்விஃப்டில் 265. ஆனால் லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலும் அது பின்சீட் முதுகு மட்டம் வரைக்கும்தான். அதற்கு மேலே செங்குத்தான பின்பக்கம் உள்ள வண்டியில் மூட்டை மேல் மூட்டை அடுக்கலாம். சரிந்த கண்ணாடி உள்ளதில் மேல் மூட்டை கதவை மூட விடாது. துணி மூட்டை அழுத்தினால் அமுங்கும், ஆனால் கனம். பம்பருக்கு மேலே டிக்கி விளிம்பு உயர்ந்திருந்தால் ஒவ்வொரு மூட்டையையும் அந்த உயரத்துக்குத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். வாரம் இரண்டு முறை என்றால் உங்கள் இடுப்புதான் பதில் சொல்லும். பின்சீட் 60:40 ஆகப் பிரிந்து மடங்குகிறதா என்பதும் முக்கியம். ஒரு பக்கம் சரக்கு, ஒரு பக்கம் பிள்ளை என்று போக அதுதான் வழி.

அகலத்தில் வேகன்ஆர் 1,620, ஸ்விஃப்ட் 1,735. தண்டையார்பேட்டைத் தெருவில் வண்டி வெளியில்தானே நிற்கும்? பதினொன்றரை சென்டிமீட்டர் என்பது பக்கத்தில் போகும் பைக்கின் ஹேண்டில் உரசுமா, உரசாதா என்பதைத் தீர்மானிக்கும் இடைவெளி. உரசினால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். சாதாரண பாலிசியில் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்துதான். கிளெய்ம் செய்தால் அடுத்த வருஷம் கிடைக்க வேண்டிய 20 சதவீத நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியும், போகும். எந்த வண்டி எடுத்தாலும் முதல் மூன்று வருஷத்துக்கு ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) சேருங்கள். மழைத் தண்ணீர் நிற்கும் ஏரியா என்பதால் தண்ணீரால் எஞ்சின் கெட்டால் ஈடுகட்டும் எஞ்சின் புரொடெக்ட்டும் வேண்டும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது வண்டி ஆஃப் ஆனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது; உள்ளே போன தண்ணீரால் எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடும், சாதாரண பாலிசி அதை ஏற்காது.

அலாய் வீலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று. முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கிய அலாயில் மேல்பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்தாலும் அதற்குள் வெள்ளையாக அரிப்பு ஊர்ந்து போகும். பெயிண்ட் டச்-அப்பில் அது போகாது, மறுபடி கடைய வேண்டும். கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில் பள்ளத்தில் விழுந்தால் இரும்பு ரிம் வளையும், தட்டி நேராக்கலாம். அலாய் விரிசல் விடலாம். டயரில் எழுதியிருக்கும் அளவையும் பாருங்கள். 14 அங்குல ரிம்முக்கான 165/80 R14 டயரின் பக்கச் சுவர் 132 மி.மீ.; 15 அங்குல ரிம்முக்கான 185/65 R15-இல் 120 மட்டுமே. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான்.

கண்ணுக்குப் பிடித்த வண்டி வேண்டும் என்பது வீண் ஆசை இல்லை. பத்து வருஷம் தினமும் பார்க்கப் போகும் பொருள் அது. ஆனால் உங்கள் வேலைக்கும் அம்மாவுக்கும் பெட்டி வண்டிதான் பொருந்தும், அதையே எடுங்கள் என்பேன். நிறத்தில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முழுச் சிவப்புக்குக் கூடுதல் விலை உண்டா என்று முதலில் கேளுங்கள். வாங்கிய பிறகு வெளியில் கூரைக்கு மட்டும் கருப்பு அடிக்க வேண்டாம், நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

சிவப்பு வண்டியை மனசு விடவே இல்லை என்றால் ஏழு வருஷக் கடனைத் தொடாதீர்கள். மாதம் பத்தாயிரம் வீதம் 14 மாதம் வங்கியில் தொடர் வைப்பில் போடுங்கள். 1,40,000 சேரும், விலை ஏறாமல் இருந்தால் அப்போதும் கடன் அதே 4,90,000, அதே ஐந்து வருஷம். அந்தப் பதினாலு மாதமும் தவணையைக் கட்டிப் பார்த்த மாதிரியும் ஆகும்.

எதுவானாலும் புக்கிங் பணம் கொடுக்கும் முன் அம்மாவையும் கடையிலிருந்து ஒரு முழு மூட்டையையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். அம்மா மூன்று முறை ஏறி இறங்கட்டும். மூட்டையை நீங்களே தூக்கி வைத்து டிக்கியை மூடிப் பாருங்கள். டெஸ்ட் டிரைவ் அதற்குப் பிறகு.