டர்பைன் பிளேடு மேல்பூச்சு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பூச்சு போட்டால் எரிவாயு டர்பைனின் திறன் எப்படிக் கூடும்?

பதில்: நுழையும் வாயு எவ்வளவு சூடோ அவ்வளவு திறன். இன்றைய பெரிய டர்பைன்களில் அது 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பிளேடின் நிக்கல் கலவையோ 1350 டிகிரி வாக்கில் உருகிவிடும். அதனால் கம்ப்ரஸரிலிருந்து காற்றை எடுத்து, பிளேடுக்குள் ஓடவிட்டுக் குளிர்விக்கிறோம். பாடுபட்டு அழுத்திய காற்று அது. எடுக்க எடுக்க நஷ்டம்தான். மேலே வெப்பத்தை எளிதில் கடத்தாத செராமிக் பூச்சு கால் மில்லிமீட்டர் இருந்தால் குறைந்த காற்றே போதும், அல்லது அதே காற்றை வைத்து வாயுவை இன்னும் சூடாக்கலாம்.

கேள்வி: உள்ளே காற்றுப் பாதை இல்லாத பழைய பிளேடுக்கும் பூசலாமா?

பதில்: வேண்டாம். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் சற்று நேரத்தில் உலோகமும் வாயுவின் சூட்டுக்கே வந்துவிடும். அரிப்பைத் தடுக்கும் பூச்சு மட்டும் போதும்.

கேள்வி: எங்கள் பிளேடுகளில் செராமிக் உரிகிறது. பூசியவர்கள் மேல் தப்பா?

பதில்: உரிந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். செராமிக் என்பது இட்ரியா என்ற ஆக்சைடு கலந்த சிர்கோனியா, வெள்ளை நிறம். அதைப் பிடித்து வைத்திருப்பது அடியிலுள்ள பிணைப்புப் பூச்சு. அதன் அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய அலுமினா படலமாகிறது. அந்தப் படலம்தான் காவல். ஆனால் வருடக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் உலோகம் ஒரு அளவு சுருங்கும், செராமிக் வேறு அளவு சுருங்கும். தடித்த படலம் அங்கே விரிசல் விடும். பிளேடில் வெள்ளை மிச்சமிருந்தால் செராமிக்குக்குள்ளேயே உடைந்திருக்கிறது. சாம்பல் நிறம் தெரிந்தால் படலத்தின் ஓரமாகப் பிரிந்திருக்கிறது. அப்புறம், ஓடிய மணிநேரத்தோடு எத்தனை முறை நிறுத்தி ஓட்டினீர்கள் என்ற கணக்கையும் எடுங்கள். அதைப் பார்க்காமல் யாரையும் குறை சொல்வது நியாயமில்லை.

கேள்வி: தூசி அதிகமான இடம். பூச்சு தாங்குமா?

பதில்: 1200 டிகிரிக்கு மேல் மணல்தூசி உருகிக் கண்ணாடியாகி, செராமிக்கின் நுண்துளைகளில் இறங்கி இறுகிவிடும், அப்புறம் பூச்சு தாங்காது. முதலில் உள்ளிழுக்கும் ஃபில்டரைச் சரிபாருங்கள்.

கேள்வி: நீராவி டர்பைனுக்கும் செராமிக்தானா?

பதில்: இல்லை. அங்கே சூடு 600 டிகிரி அளவில்தான், தேய்மானமே எதிரி. பாய்லர் குழாய்களில் உரியும் ஆக்சைடு துகள்கள் உயரழுத்தப் பகுதியின் பிளேடு வரிசைகளை அறுக்கும். அதற்குக் குரோமியம் கார்பைடு பூச்சு. கடைசி வரிசையில் நீர்த்துளிகளின் அடி. அதற்கு முன்விளிம்பில் ஸ்டெல்லைட் என்ற கடினமான கோபால்ட் கலவைப் பட்டை. நிறுத்தியிருக்கும்போது அந்த விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ரம்பப் பல் போலத் தட்டினால் அரிப்பு தொடங்கிவிட்டது.