சபையில்லாத விசுவாசம் போதுமா?

அன்புள்ள அண்ணா,

சர்ச்சுக்குப் போறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு. கமிட்டி எலெக்‌ஷன் சண்டை, காணிக்கைக்கு கணக்கு கேட்டா முறைக்கிறது, புறணி, எல்லாம் பாத்து வெறுத்துட்டேன். இயேசுவ விடல. ஜெபம் பண்றேன், பைபிள் வாசிக்கிறேன், யூடியூப்ல பிரசங்கம் கேக்குறேன். இப்பதான் நிம்மதியா இருக்கு. எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல சபை எதுக்கு?

- ஒரு தம்பி

அன்புள்ள தம்பி,

நீ சொல்ற குறை எதையும் நான் மறுக்கல. உன்ன மாதிரி நெறைய பேர் இருக்காங்க, அமெரிக்காவுல ஏதாவது ஒரு சர்ச்லயோ வேற வழிபாட்டு இடத்துலயோ உறுப்பினரா இருக்கோம்னு சொன்னவங்க 1999ல 70 சதவீதம், 2020ல 47, கேலப்னு ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த சர்வே.

ஆனா சபை எப்ப சுத்தமா இருந்துச்சு சொல்லு? பைபிள்ல வர்ற ஆரம்பகால சபையவே பாரு, கொரிந்து பட்டணத்துல திருவிருந்துக்குன்னு கூடுறாங்க, ஒருத்தன் முந்திக்கிட்டு சாப்ட்டு குடிச்சு வெறியில இருக்கான், இன்னொருத்தன் அதே எடத்துல பசியோட உக்காந்திருக்கான். அப்போஸ்தலன் பவுல் கடிதத்துல திட்டுறார், நல்லாவே திட்டுறார், ஆனா கூடி வர்றத விட்டுட்டு அவனவன் வீட்டோட இருந்துக்கோன்னு சொல்லல, ‘ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்’னு எழுதுறார். எருசலேம்லயும் தினசரி பந்தியில கிரேக்கம் பேசுற விதவைகள கவனிக்காம விட்டுட்டாங்க, முறுமுறுப்பு வந்துச்சு, அந்தப் பந்திய கவனிக்க ஏழு பேர நியமிச்சாங்க. முறுமுறுக்கவும் ஒரு சபை வேணும்ல?

யூடியூப் பிரசங்கம் நம்மள குத்துற மாதிரி வந்தா அடுத்த வீடியோவுக்கு தள்ளிடலாம், அப்படியே போனா நமக்கு ஒத்துவர்ற ஆண்டவர் மட்டும்தான் மிஞ்சுவார். எனக்கு அதவிட பெரிய கவலை வேற. நீ உன் நிம்மதிய மட்டும் பாக்குற. கடைசி பெஞ்சுல ஒரு வயசான அம்மா, எழுத்து தெரியல, பாட்டு புக்க சும்மா விரிச்சு வெச்சுக்கிட்டு பக்கத்துல பாடுறவங்க குரலப் பிடிச்சுத்தான் பாடுவாங்க. அவங்களுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும்டா, நீ வீட்ல எவ்வளவு உருகி ஜெபம் பண்ணாலும் அந்த இடம் காலியாத்தான் இருக்கும்.

அதுக்காக அந்த சபைக்கே திரும்பிப் போன்னு சொல்லமாட்டேன். மனுஷன நசுக்குற இடத்துல, அதுவும் தப்பு நடந்தத மூடி மறைக்கிற இடத்துல, யாரும் இருக்க வேண்டியதில்ல, வெளிய வந்தது சரிதான். வேற ஒண்ணு தேடு. சின்ன சபையா இருக்கட்டும், ஒரு வாரம் வரலன்னா யாராவது போன் பண்ணி விசாரிக்கிற அளவுக்கு சின்னதா. காணிக்கை கணக்க எல்லார் முன்னாடியும் வாசிக்கிறாங்களான்னு முதல்லயே கேட்டுக்கோ.

அன்புடன்,
அண்ணன்