வோக்கிங்கில் எரிந்த குதிரை

ஐயா,

நான் யாழ்ப்பாணத்தான், இப்போது இங்கிலாந்தின் சர்ரேயில் இருக்கிறேன். போன மாதம் அப்பா காலமானார். தகனத்துக்குப் பதினாறு நாள் காத்திருந்தோம். படிவத்துக்கு மேல் படிவம். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று மூன்று பேர் கேட்டார்கள். இருந்தது. அதை எடுத்த பிறகுதான் நாள் குறித்தார்கள். ஊரில் என்றால் அடுத்த நாளே சுடலைக்குக் கொண்டுபோய், காடாற்றுக்கு எலும்பு பொறுக்கியிருப்போம். இங்கே ஒரு டப்பாவில் மாவு மாதிரித் தந்தார்கள். இது அவருடையதுதானா என்று அம்மா கேட்கிறா. எரிக்கிற வழக்கத்தை வெள்ளைக்காரன் எங்களிடம் இருந்துதானே எடுத்தான், பிறகு ஏன் இவ்வளவு கெடுபிடி என்கிறார் மாமா. விளக்குவீர்களா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள்.

மாமா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் தகனக்காரர்களுக்கு வழிகாட்டியது காசி அல்ல, இத்தாலி. 1873-இல் வியன்னா உலகக் கண்காட்சியில் இத்தாலியப் பேராசிரியர் புருனெத்தி தன் எரிசூளையின் மாதிரியையும் அதில் கிடைத்த சாம்பலையும் வைத்திருந்தார். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் விக்டோரியா மகாராணியின் அறுவை மருத்துவர் சர் ஹென்றி தாம்ப்சன். அடுத்த ஜனவரியில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதே மாதம் தகனச் சங்கமும் பிறந்தது. ஆன்மா, மோட்சம் என்ற பேச்சே அவர் வாதத்தில் இல்லை. புதைப்பது சுகாதாரக் கேடு, செலவும் அதிகம், அவ்வளவுதான். எலும்புச் சாம்பல் நல்ல உரம் என்றுகூட எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை மாமாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

அவர்கள் இடம் பிடித்தது உங்கள் சர்ரேயில்தான். 1848-49 காலராவில் லண்டன் இடுகாடுகள் நிரம்பி வழிந்த பிறகு, வோக்கிங்கை அடுத்த புரூக்வுட்டில் ஒரு கம்பெனி மாபெரும் கல்லறைத் தோட்டம் அமைத்து 1854-இல் திறந்தது. வாட்டர்லூவிலிருந்து அதற்குத் தனி ரயில். சவத்துக்கு ஒருவழிச் சீட்டு, கூடப் போகிறவர்களுக்குப் போகவர. ஆங்கிலிக்கச் சபையாருக்கு ஒரு நிலையம், மற்றவர்களுக்கு இன்னொன்று. 1941 ஏப்ரலில் ஜெர்மன் குண்டு விழும்வரை இந்த ஏற்பாடு இருந்தது. தகனச் சங்கம் 1878-இல் அந்தக் கம்பெனியிடம்தான் வோக்கிங்கில் ஒரு ஏக்கர் வாங்கியது.

சூளை கட்ட இத்தாலியின் லோதி நகரத்துப் பேராசிரியர் கோரினி வந்தார். விறகுமேல் உடலைக் கிடத்துகிற ஏற்பாடு அல்ல அது. தீ ஒரு பக்க அடுப்பில் இருக்கும், சுடர் மட்டும் உடலின் மேல் பாய்ந்து புகைபோக்கி வழியாக வெளியேறும். 1879 மார்ச் 17-இல் ஒரு செத்த குதிரையைப் போட்டுப் பார்த்தார்கள். முழுதாக எரிந்தது. இயந்திரம் அன்றைக்கே தயார். ஆனால் அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அதில் ஒரு மனித உடல்கூட வைக்கப்படவில்லை.

ஊர்க்காரர்கள் பாதிரியாரை முன்னே விட்டு உள்துறை அமைச்சர் கிராஸிடம் முறையிட்டார்கள். அவர் தடுத்தார். அவர் சொன்ன காரணத்தை மட்டும் நன்றாகக் கவனியுங்கள், உங்கள் பதினாறு நாளின் வேர் அங்கேதான் இருக்கிறது: விஷம் வைத்தோ அடித்தோ கொன்றவன் தடயத்தை எரித்துவிடுவான். வெறும் சாக்கு அல்ல இது. அந்தக் காலத்தில் வீட்டுக் கொலைக்கு வாகான விஷம் ஆர்சனிக். புதைத்த உடலில் அது பல காலம் தங்கும். சந்தேகம் வந்தால் தோண்டி எடுத்து, 1836-இல் வந்த மார்ஷ் சோதனையில் பார்த்துவிடலாம். சூளையிலோ ஆர்சனிக் ஆவியாகிப் புகையோடு போய்விடும். அப்புறம் தோண்ட என்ன இருக்கிறது?

முடிச்சை அவிழ்த்தவர் சங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேல்ஸ்காரர். 83 வயது வைத்தியர் வில்லியம் பிரைஸ், தன்னைப் பழங்காலக் கெல்ட்டியரின் ட்ரூயிட் பூசாரி என்று சொல்லிக்கொண்டவர். 1884 ஜனவரியில் இறந்துபோன தன் கைக்குழந்தையை லான்ட்ரிசன்ட் குன்றின் மேல் எரிக்கப் போனார். கூட்டம் பாய்ந்து உடலைப் பிடுங்கியது. கார்டிஃப் நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்டீபன், பிறருக்குத் தொல்லை இல்லாதவரை எரிப்பது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில் நாடாளுமன்றத்துக்கு வந்த தகன மசோதாவோ 79-க்கு 149 என்று தோற்றது. ஆகச் சட்டம் இல்லை, தடையும் இல்லை.

அந்த இடைவெளியில் தாம்ப்சன் தன் சங்கத்துக்குத் தானே விதி போட்டார். இறந்தவரின் விருப்பத்தைச் சொல்லி உறவினர் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசிவரை பார்த்த மருத்துவர், இயற்கை மரணம்தான் என்று தயங்காமல் எழுதித் தர வேண்டும். இரண்டாவதாக இன்னொரு மருத்துவரும் எழுதித் தர வேண்டும். பார்த்த மருத்துவர் இல்லையென்றால் பிரேதப் பரிசோதனை, அதற்கும் சம்மதிக்காவிட்டால் தகனம் கிடையாது. கிராஸின் வாயை அடைக்கப் போட்ட விதிகள் இவை. 1885 மார்ச் 26-இல் திருமதி பிக்கர்ஸ்கில் என்பவரின் உடல் முதலாவதாக எரிந்தது. அந்த ஆண்டு நாட்டில் ஏறத்தாழ 6 லட்சம் சாவுகள், அதில் தகனம் மூன்று.

1902-இல் வந்த தகனச் சட்டமும் அதையொட்டிய விதிமுறைகளும் இதே சான்றிதழ் ஏற்பாட்டைத்தான் நாடு முழுக்க நடைமுறையாக்கின. வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் குடியிருப்பிலிருந்து 200 கஜமும், எப்படியானாலும் பொதுச்சாலையிலிருந்து 50 கஜமும் தள்ளித்தான் கட்ட வேண்டும் என்றது அது. பல தகனக்கூடங்கள் நீண்ட பாதைக்கு உள்ளே ஒதுங்கி இருப்பது அதனால்தான். திறந்தவெளிச் சிதைக்காக டேவேந்தர் காய் என்ற இந்து நடத்திய வழக்கில், சட்டம் கேட்கும் கட்டடம் என்றால் நான்கு சுவரும் முழுக்கூரையும் இருந்தே தீர வேண்டியதில்லை என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மாமா ஆறுதல் கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

இரண்டு மருத்துவர் ஏற்பாடு கொலைகாரனைப் பிடித்ததா? பிடிக்கவில்லை. ஹைட் ஊர் மருத்துவர் ஷிப்மன் தன் நோயாளிகளைக் கொன்றுவிட்டு முதல் சான்றைத் தானே எழுதினார். இரண்டாவது மருத்துவர் அவரை நம்பிக் கையெழுத்துப் போட்டார், அதற்குக் கட்டணமும் உண்டு. விசாரணைக் குழு உறுதி செய்த கொலைகள் 215. இரண்டாவது மருத்துவரின் படிவம் கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், நிறுத்தப்பட்டது. 2024 செப்டம்பர் 9 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு சாவையும், புதைத்தாலும் எரித்தாலும், சிகிச்சை தந்தவர் அல்லாத ஒரு மருத்துவப் பரிசோதகர் பார்க்க வேண்டும். முதல் மருத்துவரின் தகனப் படிவமும் அத்தோடு போனது. அந்த மூன்றில் குடும்பம் கையெழுத்திடும் விண்ணப்பம் மட்டும் நிற்கிறது. ஆக உங்கள் பதினாறு நாளில் ஒரு பங்கு இந்தப் பரிசோதனை, ஒரு பங்கு பதிவு அலுவலகம், மீதி பெரும்பாலும் தகனக்கூடத்தில் நேரம் கிடைக்காதது.

பேஸ்மேக்கருக்கும் கொலைக்கும் தொடர்பில்லை. அது மூடிய உலோக உறைக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி. சூட்டில் உள்ளே வாயு பெருகி வெடிக்கும். செங்கல் பூச்சும் கதவும் சேதமாகும், பார்வைத் துளையருகே நிற்பவருக்கும் ஆபத்து. எடுப்பது சின்ன வேலை, தோலுக்குக் கீழே ஒரு கீறல் போதும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவி என்றால், வெட்டும் கை அதிர்ச்சி வாங்காமல் இருக்க முதலில் அதை நிறுத்த வேண்டும். பெட்டிக்குள் வைப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: கண்ணாடிப் போத்தல், கைப்பேசி, மூக்குக்கண்ணாடி, தடித்த ரப்பர் செருப்பு வேண்டாம். உள்ளே நீரோ காற்றோ அடைபட்ட எதையும், முழுத் தேங்காய் உட்பட, கேட்காமல் வைக்காதீர்கள்.

இனி அம்மாவின் கேள்வி. சூளையை 800 பாகை செல்சியஸ் அளவுக்கு முதலில் சூடாக்குவார்கள். ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். பெயரட்டை பெட்டியோடு வந்து, சூளை வாசலில் நின்று, சாம்பலோடு கூடவே போகும். பெட்டி உள்ளே போனதும் தானே பற்றிக்கொள்ளும். புகை அடுத்த அறையில் மறுபடி எரிந்து, பல இடங்களில் பல்லடைப்புப் பாதரசத்தைப் பிடிக்கும் வடிகட்டியையும் தாண்டித்தான் வெளியே வரும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மிஞ்சுவது எலும்பு மட்டும். அதை முன்பக்கத் தட்டுக்கு வாரி ஆறவைப்பார்கள். காந்தத்தால் ஆணிகளையும், கையால் இடுப்பு மூட்டு உலோகத்தையும் எடுப்பார்கள். பிறகு இரும்புக் குண்டுகள் உருளும் உருளைக்குள் எலும்பை அரைப்பார்கள். உங்களுக்குக் கிடைத்த மாவு அதுதான், பெரியவர் ஒருவருக்கு 2 முதல் 3 கிலோ வரை. சூளையின் இடுக்கில் ஒரு சிட்டிகை தங்குவதை யாராலும் தவிர்க்க முடியாது. மற்றபடி அது உங்கள் அப்பாவுடையதுதான் என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஊர்ச் சிதையில் சூடு ஒரே சீராக இருக்காது, அரைப்பும் கிடையாது. அதனால்தான் பொறுக்க எலும்பு மிஞ்சுகிறது. இங்கும் அரைக்காமல் தரச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். ஒப்புக்கொள்வது அந்தந்த இடத்தைப் பொறுத்தது.

சாம்பலை அந்தியேட்டிச் சடங்குக்கு யாழ்ப்பாணக் கடற்கரையிலுள்ள கீரிமலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் தகனச் சான்றிதழையும் மரணச் சான்றிதழையும் கைப்பையிலேயே வையுங்கள். கலசம் உலோகமாக இருக்கக் கூடாது, எக்ஸ்-கதிரில் உள்ளே தெரியாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இங்கேயே ஆற்றில் கரைப்பதானால் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் 1 கிலோமீட்டருக்குள் வேண்டாம். நீர்மட்டத்துக்கு அருகே தாழ்த்திக் கொட்டுங்கள். பூமாலையின் பிளாஸ்டிக் நாரையும் டப்பாவையும் வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள்.