பழைய வண்டிக்கு ஸ்ட்ரோக்கர் எஞ்சின்: கேட்டீங்க, சொல்றேன்

வணக்கமுங்க. சிங்காநல்லூர் பக்கம் கிராங்க் கிரைண்டிங், ரீபோர் பட்டறை வைத்து 31 வருடம் ஆகிறது. ஸ்ட்ரோக்கர் பற்றி இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. புதியவர்களுக்கு ஒரு வரி: பிளாக் அதேதான். கிராங்கின் (பிஸ்டனை ஏற்றி இறக்குகிற வளைந்த தண்டு) வீச்சு மட்டும் கூடும். பிஸ்டன் இன்னும் கொஞ்சம் மேலும் கீழும் போய்வரும், சிசி ஏறும். மற்றதெல்லாம் அந்தக் கிராங்கை உள்ளே உட்காரவைக்கிற பாடு.

கோபிக்காரர், இப்போது டெக்சாஸில்: அண்ணா, 1978 செவர்லே சி10 பிக்கப் வாங்கியிருக்கிறேன். 350 எஞ்சின். 383 ஆக்கலாம் என்று ஆசை. டிரெய்லர் இழுக்கணும். எங்கே ஆரம்பிக்கட்டும்?

நல்ல எஞ்சின், நல்ல ஆசை. 350, 383 என்பதெல்லாம் கன அங்குலத்தில் கொள்ளளவு. 350-க்கு போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்) 3.48. அதே கம்பெனியின் 400 எஞ்சின் கிராங்குக்கு ஸ்ட்ரோக் 3.75. அந்தக் காலத்தில் 400 கிராங்கின் மெயின் ஜர்னலை (பிளாக்கின் பேரிங்கில் உட்காருகிற பாகம்) 2.65 அங்குலத்திலிருந்து 2.45-க்குக் கடைந்து 350 பிளாக்கில் போட்டார்கள். போரை 30 தவ் பெரிதாக்கினால் 383 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 6.3 லிட்டர். (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இப்போது கடையத் தேவையில்லாமல் 350-க்கே அளவெடுத்த 3.75 கிராங்க் கிட்டாக வருகிறது.

கிராங்க் நீண்டால் பிஸ்டன் பிளாக்குக்கு மேலே தலையை நீட்டிவிடும். அதனால் பாதி ஸ்ட்ரோக், கனெக்டிங் ராடு, பிஸ்டன் பின் (பிஸ்டனை ராடோடு கோக்கிற உருளை) மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பழையதில் 1.74 + 5.7 + 1.56 = 9.00 அங்குலம். கிராங்க் மையத்திலிருந்து பிளாக் உயரம் 9.025. புதியதில் 1.875 + 5.7 + 1.425, அதே 9.00. ஆக பிஸ்டனில் பின் ஓட்டை மேலே ஏறிய மாடல்தான் வேண்டும். 350-க்கான பிஸ்டனை எடுத்து வந்து நிற்காதீர்கள்.

அடுத்து இடிப்பு. ராடு போல்ட் கேம் ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்க வைக்கிற தண்டு) இடிக்கும். 1, 2, 5, 6 சிலிண்டர்களில்தான் பெரும்பாலும். பிளாக்கின் அடி ஓரத்திலும் இடிக்கும். ஒவ்வொரு சிலிண்டராகக் கையால் சுற்றி ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். 50 தவ் இடைவெளிக்குக் குறைந்தால் அந்த இடத்தை அரைத்து எடுக்க வேண்டும். மெதுவாக. என் பட்டறையில் ஒரு பையன் அவசரத்தில் இன்னும் ரெண்டு தேய் தேய்த்தான். கிரைண்டர் கல் தண்ணீர் ஜாக்கெட்டில் போய் நின்றது. ஓட்டை அரிசி மணி அளவுதான். பிளாக் போயே போய்விட்டது. வண்டிக்காரருக்கு வேறு பிளாக் தேடிக் கொடுத்தது நான்.

கம்ப்ரஷனும் ஏறும். ஒரு சிலிண்டர் 717 சிசியிலிருந்து 784 ஆகிறது, எரியும் அறை மாறவில்லை. கம்ப்ரஷன் விகிதம் 8.5 இருந்தது 9.2 ஆகிவிடும். சுமை இழுக்கிற வண்டி, சாதாரண பெட்ரோல் என்றால் குழி பிஸ்டன் போட்டு 9-க்குப் பக்கத்தில் வைங்க. கிராங்க் 400 ரகமென்றால் அதன் பேலன்சில் கொஞ்சம் டேம்பரிலும் (கிராங்கின் முன்முனையில் அதிர்வை அடக்குகிற சக்கரம்) ஃப்ளைவீலிலும் இருக்கிறது. பழைய 350-இன் டேம்பரையே மாட்டினால் எஞ்சின் ஆட்டம் போடும்.

இதெல்லாம் பிறகு. முதலில் பிளாக்கை கழுவி, விரிசல் பார்த்து, எட்டு போரையும் அளங்க. அளந்த பிறகுதான் ஆர்டர்.

சங்ககிரி: 692 எஞ்சின் போட்ட பழைய டாடா வீட்டில் நிற்கிறது. அதை ஸ்ட்ரோக்கர் செய்யலாமா?

அந்தப் பெயரையே பாருங்கள். 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர். ஸ்ட்ரோக் 120, கொள்ளளவு 4788 சிசி. பிறகு வந்த 697-க்கு போர் 97, ஸ்ட்ரோக் 128, 5675 சிசி. நீங்கள் செய்ய நினைப்பதைக் கம்பெனியே செய்து, அதற்கேற்ற பிளாக், ஹெட், டீசல் பம்ப் எல்லாம் கொடுத்துவிட்டது. டீசலில் எரியும் அறையே பிஸ்டன் குழியில்தான். ஸ்ட்ரோக் மாறினால் குழியும் மாறணும், பம்ப் அளவும் மாறணும். வேலை செய்கிற வண்டியென்றால் லைனர், பிஸ்டன், பேரிங் ஸ்டாண்டர்டாகப் போட்டு ஓட்டுங்கள்.

திருச்செங்கோடு: ரிக் லாரியில் கம்ப்ரஸர் எஞ்சினுக்கு இது சரிவருமா?

ரிக் என் தொழில் இல்லைங்க. உங்கள் ஊரில் இல்லாத ஆளா. அங்கேயே கேளுங்கள்.

பல்லடம்: ஸ்ட்ரோக்கர் போட்டால் மைலேஜ் கூடுமா?

கூடாது. சிசி ஏறினால் குடிக்கும்.

பழைய டிரைவர், சத்தியமங்கலம்: தம்பி, திம்பம் 27 வளைவும் லோடோடு ஏறி இறங்கியவன் சொல்றேன். ஸ்ட்ரோக் நீளம்தான் இழுவை. போரைப் பெரிதாக்கினால் ஓட்டம்தான் வரும், இழுவை வராது.

உங்கள் அனுபவத்துக்குக் கும்பிடு போடுகிறேன் அண்ணா, ஆனால் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கிராங்க் கை நீண்டால் நெம்பு கூடும், உண்மை. ஆனால் சிசி மாறாமல் ஸ்ட்ரோக்கை நீட்டினால் பிஸ்டன் சிறுத்துப்போகும், அதை அமுக்குகிற விசையும் அதே அளவு குறையும். கைப்பிடியை நீட்டிவிட்டு, அழுத்துகிற காலை இளைக்க வைத்த மாதிரி. கடைசியில் இழுவை சிசிக்கும் அழுத்தத்துக்கும்தான் கட்டுப்பட்டது.

692-ஐயும் 697-ஐயும் வைத்தே கணக்குப் போடுங்க. ஸ்ட்ரோக்கை மட்டும் 128 ஆக்கினால் கூடுவது சுமார் 320 சிசி. போரை மட்டும் 97 ஆக்கினால் சுமார் 535. அந்த எஞ்சினுக்கு அதிகம் கொடுத்தது போர்.

அதே டிரைவர்: கணக்கு காகிதத்தில் ஓடும். நான் ஓட்டிய நீள ஸ்ட்ரோக் வண்டி முக்கி முக்கி ஏறும், அணையாது. அது எப்படி?

அது பொய்யில்லைங்க. அந்த வண்டிகளில் வால்வு சிறிது, கேம் குறைந்த சுற்றுக்கு வெட்டியது, ஃப்ளைவீல் கனம். அதனால்தான் அடிச்சுற்றில் அணையாமல் நின்றது. நீங்கள் பார்த்தது சரி, காரணம் ஸ்ட்ரோக் மட்டும் இல்லை.

பெருந்துறை: அப்புறம் ஏன் லாரி டீசல் எல்லாம் நீள ஸ்ட்ரோக்காகவே செய்கிறார்கள்?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. டீசலுக்கு அதிகக் கம்ப்ரஷன், அடக்கமான எரியும் அறை வேண்டும். குறுகிய போரில் அது அமையும். வெடிப்பின் விசை படுகிற பரப்பும் குறைவு, பேரிங் தாங்கும். சுற்று மெதுவாக இருப்பதால் பிஸ்டன் வேகமும் எல்லைக்குள் நிற்கும். 128 ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 2800 சுற்று என்றால் நொடிக்கு சராசரி 12 மீட்டர்.

சத்தி அண்ணா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, தனியாக நாலு பதில் போட்டிருக்கிறார். பட்டறைக்கு வாங்க அண்ணா, டீ குடித்துக்கொண்டே பேசுவோம்.

காங்கேயம்: மைலேஜ் எவ்வளவு கூடும்?

மேலே சொல்லிவிட்டேன்.

வால்பாறை எஸ்டேட்: பழைய மஹிந்திரா ஜீப், ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின். ஸ்ட்ரோக் நீட்ட முடியுமா?

அதன் போர் 79, ஸ்ட்ரோக் 111 மில்லிமீட்டர். ஏற்கெனவே நெட்டை. விட்டுவிடுங்கள். நல்ல ரீபோரும் நல்ல கார்புரேட்டரும் போதும், 40 வளைவும் ஏறும்.

ஈரோடு: ஆர்.சி.யில் சிக்கல் வருமா? எஞ்சின் நம்பர் அதேதானே?

நம்பர் அதே, சிசி அதே இல்லை. ஆர்.சி.யில் சிசி எழுதியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐப் படியுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், முடித்த பிறகு அல்ல.

அவிநாசி: அண்ணா, கிட் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டேன். இனி என்ன செய்யணும்?

பிளாக்கை அளந்தீர்களா கண்ணு? அளக்கவில்லை என்றால் பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள், திருப்பி அனுப்ப வேண்டி வரலாம்.

தாராபுரம்: மைலேஜ்...

இல்லைங்க.

கோபிக்காரர், மறுபடியும்: அண்ணா, இங்கே மெஷின் ஷாப்பில் அளந்தேன். பிஸ்டன் தலையில் 20 என்று அடித்திருக்கிறது. ஏழாம் சிலிண்டர் மேலே 4.026. 30 பிஸ்டன் போதுமா?

அளந்து கேட்ட முதல் ஆள் நீங்கள். ஏற்கெனவே ஒருமுறை 20 போரிங் ஆகியிருக்கிறது, அதாவது 4.020. அதற்கு மேல் 6 தவ் தேய்ந்திருக்கிறது. 4.030-க்கு இன்னும் 4 பாக்கி என்று தோன்றும். ஆனால் போர் வட்டமாகத் தேயாது, பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துகிற சுவரில்தான் அதிகம் தேயும். அந்த 6-ம் ஒரே பக்கம் என்றால், பழைய மையத்திலேயே போரிங் பார் நிறுத்தினால் வடு போக 4.032 வேண்டும். 30-இல் நிழல் மாதிரி ஒரு கோடு மிஞ்சும், அங்கே ரிங்கு உட்காராது.

40-க்குப் போகலாம், 4.040 போரில் 385 கன அங்குலம் வரும். அதற்கு முன் சிலிண்டர் சுவர் கனத்தை சோனிக் கருவி வைத்து எட்டிலும் நாலு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். ஏழாம் சிலிண்டரின் அழுத்தும் பக்கம் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். அதுவரை பிஸ்டன் வாங்க வேண்டாம்.