ஆசிரியர் இல்லாத வட்டம்

அன்புள்ள மேடம்,

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) முதலாண்டு படிக்கிறேன். வாரம் ஒருநாள் எட்டு எட்டுப் பேராக உட்கார்ந்து ஃபீல்டு ஒர்க் அனுபவங்களைப் பேச வேண்டும். எங்களில் ஒருவரே நடத்துவார், ஆசிரியர் வருவதில்லை. ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. இப்போது இரண்டு பேர் மட்டும் பேசுகிறார்கள், மற்றவர்கள் போனைப் பார்க்கிறார்கள். போன வாரம் சண்டையே வந்துவிட்டது. குழுக்களோடு வேலை செய்வது பற்றிய குரூப் ஒர்க் பாடத்தை வகுப்பில் நடத்திவிட்டால் போதாதா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள மாணவிக்கு,

சண்டை வந்ததைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கடிதத்தில் நம்பிக்கை தந்ததே அந்த வரிதான். உளவியலாளர் டக்மன் 1965-இல் சொன்ன குழு வளர்ச்சிப் படிகளைத் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். அதில் இரண்டாவது படி மோதல். உங்கள் குழு அங்கே வந்து நிற்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு குடிநோய் மீட்பு மையத்தில் நீங்களே பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வீர்கள். அங்கே வாய் திறக்காமல் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பது, அதேபோல் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஒரு பழைய கதை. 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இன வெறுப்பைக் குறைக்கும் வேலையில் இருந்த ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் உளவியலாளர் கர்ட் லெவின் ஒரு பயிலரங்கு நடத்தினார். அன்றன்று குழுவில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் மாலையில் தனியாகக் கூடி அலசுவார்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர் நாங்களும் கேட்கிறோம் என்று வந்து உட்கார்ந்தார்கள். தன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட ஒரு பெண்மணி, அப்படி நடக்கவே இல்லை என்று மறுத்துவிட்டார். லெவினுக்கு ஏக மகிழ்ச்சி. அடுத்தடுத்த மாலைகளில் மற்றவர்களும் வந்தார்கள். மறு வருடம் மெய்ன் மாநிலத்துப் பெத்தேலில் அதையே ஒரு பயிற்சி முறையாக ஆக்கினார்கள். அதைப் பார்க்க லெவின் உயிரோடு இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வாக்குவாதம் செய்தது பயிற்சிக்கு வந்தவர்கள். ஆனால் குழுவைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர்களும் அதே அறையில் இருந்தார்கள். உங்கள் கல்லூரித் துறை முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்ப்பவர்களை விட்டுவிட்டது.

பேசும் அந்த இரண்டு பேர் ஆங்கில வழியில் படித்தவர்களா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மாணவர்களே நடத்தினால் எல்லோரும் சமமாகிவிடுவார்கள் என்று பல துறைகள் நினைக்கின்றன. ஆசிரியர் எழுந்து போனால் ஆங்கிலமும் சாதியும் ஊரும் கூடவே எழுந்து போய்விடுமா? அவர் இருக்கும்போதாவது, பேசாதவரைப் பார்த்து நீ சொல்லும்மா என்பார். சக மாணவருக்கு அந்தத் தைரியம் தானாக வராது, யாராவது சொல்லித்தர வேண்டும்.

அப்புறம், வீட்டுத் துயரங்களை எல்லாம் அங்கே கொட்ட யாரையும் வற்புறுத்த வேண்டாம். ராத்திரி ஒரே விடுதிக்குத் திரும்பப் போகிறவர்கள் நீங்கள். இதற்கு இன்டர்னல் மார்க் வேறு வைத்தால் தொலைந்தது, எல்லோரும் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்த வாரம் யார் நடத்துகிறாரோ அவரிடம், ஃபீல்டு ஒர்க்கைத் தள்ளிவைத்துவிட்டுப் போன வாரச் சண்டையையே எடுக்கச் சொல்லுங்கள். துறையில் கேட்க வேண்டியது, கூட்டம் முடிந்ததும் நடத்தியவரோடு அரை மணி நேரம் உட்கார ஓர் ஆசிரியர். ஃபீல்டு ஒர்க்குக்கு இன்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ் என்று ஆசிரியர் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேசும் நேரம் ஏற்கெனவே தருகிறார்களே, இதற்கும் தரட்டும்.