வெட்சூட் பழக்கம் இருப்பவருக்கு ட்ரைசூட் கற்பது கடினமா?

உடலை ஒட்டி, கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடும் வெட்சூட்டில் டைவ் செய்து பழக்கம்; ஐஸ்லாந்தில் தெளிந்த நீர் நிறைந்த பாறைப் பிளவான சில்ஃப்ராவில் ஸ்கூபா டைவ் செய்ய ஆசை, தண்ணீர் புகாத உடையான ட்ரைசூட் கட்டாயம் என்கிறார்கள், புதிதாக என்ன கற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடினமில்லை, ஆனால் பழக வேண்டும். சில்ஃப்ராவில் தண்ணீர் வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். ட்ரைசூட்டின் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கும் பட்டைகளான சீல்கள் தண்ணீரை உள்ளே விடாது. குளிரைத் தடுப்பதில் பெரும்பங்கு உள்ளே அணியும் தடித்த உடைக்கும் அதில் தங்கும் காற்றுக்கும்தான்.

அந்தக் காற்றைக் கையாள்வதுதான் முழுப் பாடமும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும், காற்றின் கொள்ளளவு பாதியாகும். சூட் உடம்பைக் கவ்விப் பிடிக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் தோல் கன்றிப்போகும். நெஞ்சிலுள்ள பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக் காற்றை ஏற்றுங்கள், ஒரேயடியாக அமுக்காதீர்கள். ஏறும்போது அதே காற்று விரியும். பெரும்பாலும் இடது மேற்கையில் காற்றை வெளிவிடும் வால்வு இருக்கும். அதுவே உயரமான இடமாகும்படி தோளைத் தூக்கினால்தான் காற்று வெளியேறும்.

புதியவர்களைப் படுத்துவது கால். தலை கீழே சாய்ந்தால் காற்றெல்லாம் பாதத்துக்கு ஓடும், வால்வுக்கு வராது; தலைகீழாக மேலே இழுத்துப் போய்விடும். முழங்காலை மடக்கி, உருண்டு நிமிர்ந்து காற்றை விடும் பயிற்சியைக் குளத்திலேயே அலுக்கும்வரை செய்யுங்கள்.

சில்ஃப்ராவில் ட்ரைசூட் சான்றிதழோ முன் அனுபவப் பதிவோ கேட்பார்கள். லேடெக்ஸ் எனும் மெல்லிய ரப்பரால் ஆன சீலை நகம் படாமல் இழுங்கள். கழிப்பறை வேலையை ஜிப் மூடுமுன் முடித்துவிடுங்கள்!